செங்கல் நிற பிஸ்கட்

முதல்தரக் குங்குமப்பூ பிஸ்கட் எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்பதை இனிப்புப் பண்ட உயர்தரக் கழகம் தன் விண்ணப்பப் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் படமாகவே போட்டிருந்தது. படத்திலிருந்த பிஸ்கட் செங்கல் நிறத்தில் இருந்தது. அச்சகத்தில் அன்றைக்குச் சிவப்பு மை கொஞ்சம் தாராளமாக ஓடியிருக்க வேண்டும். பக்கத்தில் நின்று சிரித்த கழகத் தலைவரின் முகமும் அதே செங்கல்தான். ஆனால் அத்தானுக்கு, அச்சில் வந்துவிட்டால் வந்ததுதான். முப்பத்தோரு வருடம் ஓர் அலுவலகத்தில் படிவங்களோடு குடும்பம் நடத்தி ஓய்வு பெற்றவர் அவர்.

"படத்தைப் பாரு, உன் பிஸ்கட்டைப் பாரு. பத்து நாள் காய்ச்சல்ல கிடந்து எழுந்த மாதிரி இருக்கு."

"குங்குமப்பூ போட்டா இந்த நிறந்தான் வரும் அத்தான்," என்றாள் அவர் மச்சினி, சின்னவள். "இளமஞ்சள்."

"பூ சிவப்பா இருக்கு. பிஸ்கட் மட்டும் எப்படி வெளுத்துச்சு? நடுவுல யாரு துவைச்சா?"

தான் சொன்னதற்குத் தானே சிரித்துவிட்டுப் போனார். கழகத்தார் சோதனைக்கு வர ஒரு வாரம் இருந்தபோது நடந்தது இது.

அது அக்கா தங்கை இருவரும் ஒன்பது வருடம் முன்பு ஆரம்பித்த பேக்கரி. முன்னால் கடை, பின்னால் ஓவன். பெரியவள் கடையைப் பார்த்துக்கொண்டாள், சின்னவள் ஓவனைப் பார்த்துக்கொண்டாள், டப்பாக்களில் அடுக்கி ஒட்ட ஒரு பெண் இருந்தாள். அவள் வாய் ஓயாததால் தெருவே அவளை ரேடியோ என்றுதான் கூப்பிட்டது. ஓய்வு பெற்ற மறுவாரம் பெரியவளின் கணவர், அதாவது அத்தான், கடைக்குள் வந்து உட்கார்ந்தார். மறுமாதம் 'தலைமைச் செயல் இயக்குநர்' என்று அட்டை அடித்துக்கொண்டார். மூன்று பேர் வேலை செய்கிற இடத்தில் நான்காவது ஆள் எதைத் தலைமை தாங்கி, எதில் செயல்பட்டு, எதை இயக்குகிறார் என்று யாரும் கேட்கவில்லை. ஓவனின் அனலில் நாங்களெல்லாம் வெந்துகொண்டிருக்க அவர் மட்டும் கோட்டைக் கழற்றாமல் நிற்கிறாரே, அதுவே பெரிய செயல்தான் என்பாள் ரேடியோ.

கடைப் பலகையில் உரிமையாளர் என்று பெரியவள் பெயர் இருந்தது. அதற்குக் கீழே, புதிதாக, நிர்வாகம் என்று அத்தான் பெயர். சின்னவளின் பெயர் எங்கேயும் இல்லை. அவள் அதை ஒன்பது வருடமாகக் கவனிக்காததுபோல இருந்தாள். கழகத்தின் படிவத்தில் 'தயாரிப்பாளர் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்ததைப் பார்த்த அன்றுதான், இத்தனை நாளும் தான் கவனித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. சோதனையில் தேறிப் பொன் முத்திரை கிடைத்தால் டப்பாவின் மூடியில் தயாரிப்பாளர் பெயரைப் போட வேண்டும், அது கழக விதி. அந்தக் கட்டத்தில் தன் பெயரை அவளே எழுதினாள். பேனா அழுந்தி அடுத்த பக்கம்வரை தடம் விழுந்தது.

அந்த பிஸ்கட்டுக்கு அவள் இரண்டு வருடம் கொடுத்திருந்தாள். குங்குமப்பூ அவசரக்காரர்களுக்குப் பிடிகொடுக்காது. இழைகளை ஒரு சிட்டிகைச் சர்க்கரையோடு சின்னக் கல்லுரலில் பொடியாக நுணுக்க வேண்டும். பொடியை வெதுவெதுப்பான பாலில் மூன்று மணி நேரம் மூடிவைக்க வேண்டும். அந்தப் பாலை ஊற்றி வெண்ணெய் மாவைப் பிசைந்து ஒரு ராத்திரி முழுக்கக் குளிர்பெட்டியில் போட்டுவைத்தால்தான் வாசனை மாவுக்குள் இறங்கும். நாலு இழை கூடினால் மருந்துக்கடையைக் கடிப்பதுபோல் இருக்கும். நாலு இழை குறைந்தால் வெறும் வெண்ணெய் பிஸ்கட். அந்த நடு இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் வீணாய்ப்போன தட்டுகளைச் சின்னவள் தின்றாள், ரேடியோ தின்றாள், ஒரு கட்டத்தில் வாசலில் படுத்திருந்த நாய்கூட வேறு தெருவுக்குக் குடிபோய்விட்டது. அப்புறம் ஒருநாள் சரியாக வந்தது. ரேடியோ ஒன்றைக் கடித்துவிட்டு ஒரு நிமிடம் முழுசாகப் பேசாமல் இருந்தாள். அதைவிடப் பெரிய முத்திரை அந்தத் தெருவில் யாருக்கும் கிடைத்ததில்லை.

சோதனை நாள் காலை ஏழு மணிக்குச் சின்னவள் குளிர்பெட்டியைத் திறந்தாள். முந்தின நாள் மாலை பிசைந்து வைத்த மாவு உருண்டைகள் இரண்டில் ஒன்று வைத்தபடியே இருந்தது. இன்னொன்று செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தது.

விரலால் தொட்டாள். விரலில் ஒட்டிய நிறம் துடைத்தும் போகவில்லை. முகர்ந்தாள். புதுசாகப் பிரித்த சோப்புக் கட்டியின் வாசனை.

"யாரு செஞ்சது?"

"என்னைப் பாக்காத," என்றாள் ரேடியோ. "நேத்து நீ போனப்புறம் உங்க அத்தான் குழாயடியில நின்னு கையைக் கழுவுறாரு, கழுவுறாரு, கழுவிக்கிட்டே இருக்காரு. கொலை பண்ணவன்கூட அவ்ளோ நேரம் கழுவ மாட்டான்."

அத்தான் ஒன்பது மணிக்கு வந்தார். கைகள் இரண்டும் கோட்டுப் பைக்குள் இருந்தன.

"கையை வெளிய எடுங்க அத்தான்."

"எதுக்கு?"

"எடுங்க, பாப்போம்."

எடுத்தார். பத்து நகங்களும் செக்கச்செவேலென்று இருந்தன.

"என் மாவுல என்னத்தைக் கொட்டினீங்க?"

"உன் மாவு என்ன, உன் மாவு? கம்பெனி மாவு. கொஞ்சம் கலர், கொஞ்சம் எசன்ஸ். ரெண்டும் அனுமதிக்கப்பட்டது. சீசாவுலயே போட்டிருக்கு."

"அப்ப குங்குமப்பூ பிஸ்கட்னு எதுக்குப் பேரு? சீசா பிஸ்கட்னு வைங்க."

"குரலை உசத்தாத. வர்றவங்க படத்துல இருக்கிறதைத்தான் தேடுவாங்க. எனக்கு ஆபீஸ் புத்தி தெரியும்."

"எனக்கு அடுப்பு தெரியும். அந்த உருண்டையை இப்பவே குப்பையில போடறேன்."

பெரியவள் கடையிலிருந்து ஓடிவந்து நடுவில் நின்றாள். அவளுக்கு ஒன்பது வருடமாகக் கடை பழக்கம். யாரையும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது.

"ஏண்டி காலங்காத்தால கத்துற? வாசல்ல ஆள் நிக்குது. என்னங்க, நீங்களும் சும்மா இருங்க. ரெண்டையும் சுடு. ரெண்டையும் வைப்போம். எது பிடிக்குதோ அவங்க சொல்லட்டும். ரெண்டும் நம்ம வீட்டுதுதானே?"

சின்னவளுக்கு உச்சந்தலைவரை ஏறியது. ஆனாலும் ஒத்துக்கொண்டாள். நாக்கு உள்ளவர்கள்தானே வருகிறார்கள் என்று நினைத்தாள். அன்றைக்கு அவள் செய்த ஒரே முட்டாள்தனம் அதுதான். செங்கல் உருண்டையில் பாதியை எடுத்துச் சுட்டாள். மீதி உள்ளேயே கிடந்தது.

பதினொரு மணிக்கு வர வேண்டியவர்கள் பன்னிரண்டேகாலுக்கு வந்தார்கள். முதலில் தலைவர். அவருக்குப் பின்னால் ஒரு நோட்டோடு எழுதுகிறவர். அவருக்கும் பின்னால், எந்தச் சாமானும் இல்லாமல், தலையாட்டுகிறவர். தலைவர் தன் நாக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். நாற்பது வருடமாகக் காரம் தொட்டதில்லை, காபி தொட்டதில்லை, சூடாக எதையும் விழுங்கியதில்லை. பண்டம் பேசும், நாக்கு கேட்கும் என்றார். எழுதுகிறவர் அதை எழுதிக்கொண்டார்.

இரண்டு வெள்ளைத் தட்டுகள் மேசையில் இருந்தன. ஒன்றில் இளமஞ்சள், ஒன்றில் செங்கல்.

தலைவர் கடிக்கும் முன்பே கண்ணை மூடிக்கொண்டார். கை மட்டும், கண் மூடும் முன்பே பார்த்துவைத்திருந்த செங்கல் தட்டுக்குத் தவறாமல் போனது.

"ஆகா," என்றார். "பேசுது. குங்குமப்பூ பேசுது. மலைக்காற்று தெரியுது. பனி தெரியுது. விடியக்காலையில பூப் பறிக்கிற பெண்களோட விரல் தெரியுது."

"விரல் தெரியுறது நிஜந்தான்," என்று ரேடியோ சின்னவளின் காதில் சொன்னாள். "பத்தும் கோட்டுப் பையிலதான் இருக்கு."

தலையாட்டுகிறவர் ஆட்டினார். தலைவர் தண்ணீரால் வாய் கொப்பளித்து, அடுத்த தட்டில் ஒன்றை எடுத்தார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. ஓரத்தைக் கடித்தார். கொஞ்சம் மென்றார். இன்னொரு கடி கடித்தார். பேசாமல் முழு பிஸ்கட்டையும் தின்று முடித்து, இன்னொன்றையும் எடுத்துத் தின்றார். பிறகு கர்ச்சீப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இதுல குங்குமப்பூ ஒரு தூசிகூட இல்லை."

"என்னது?" என்றாள் சின்னவள்.

"வெறும் வெண்ணெய். நல்ல வெண்ணெய், மறுக்கல. ஆனா குங்குமப்பூன்னு சொல்லி இதை விக்கிறது மோசடி. யார் செஞ்சது இது?"

சின்னவள் வாயைத் திறப்பதற்குள் அத்தான் முந்திக்கொண்டார்.

"அது ஒண்ணுமில்லீங்க. என் மச்சினி பழகிப் பாத்தது. இப்பதான் கை வசப்படுது. அதைக் கணக்குல எடுக்க வேண்டாம்."

ஒன்பது வருடமாக வசப்பட்டிருந்த கையைச் சின்னவள் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். முன்னால் இருந்திருந்தால் என்ன செய்திருக்கும் என்று அவளுக்கே தெரியாது. பெரியவளைப் பார்த்தாள். பெரியவள் மேசைத் துணியில் இல்லாத சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"முத்திரை கொடுத்திடலாம்," என்றார் தலைவர். எழுதுகிறவர் படிவத்தைப் பிரித்தார்.

"தயாரிப்பாளர் யாரும்மா? நீங்கதானே? பேரு போட்டிருக்கு. கீழே உறுதிமொழி, படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க."

சின்னவள் எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள். "இந்தப் பண்டத்தின் நிறமும் மணமும் முழுக்க முழுக்கக் குங்குமப்பூவால் மட்டுமே ஆனவை என்றும், இதை என் கையால் தயாரித்தேன் என்றும் உறுதி கூறுகிறேன்." படிவத்தை மேசையில் வைத்தாள். "போட மாட்டேன்."

"ஏம்மா?"

"அது குங்குமப்பூ இல்லை. கலரும் எசன்ஸும். இதோ, இந்த வெளுத்துப்போனதுதான் குங்குமப்பூ. நான் செஞ்சது. நீங்க ரெண்டு தின்னீங்களே, அது."

தலைவரின் முகம் மெதுவாகப் படத்திலிருந்த நிறத்துக்கு வந்தது. நாற்பது வருடம் காபிகூடத் தொடாத நாக்கு அது. அது தப்பாகச் சொல்லிவிட்டது என்றால் அந்த நாற்பது வருடக் காபியை இனி யார் திருப்பித் தருவது?

"கழகம் ஒரு தடவை சொன்னா சொன்னதுதான்," என்றார் அவர். "பொறாமை எல்லாக் குடும்பத்துலயும் உண்டு. நாங்க பாக்காததா?"

"பொறாமையா? எதைப் பாத்துப் பொறாமை? அந்த நகத்தைப் பாத்தா? அத்தான், கையைக் காட்டுங்க இவருக்கு!"

"ஏய், போதும்டி," என்றாள் பெரியவள், மெல்லிய குரலில். "போட்டுடு. ஒரு கையெழுத்துதானே? மூடியில உன் பேருதானே வரப்போகுது? நீ ஆசைப்பட்டது அதுதானே?"

சின்னவளுக்கு அதுதான் தாங்க முடியாமல் போனது. அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அந்தப் பெயரை இந்தச் சோப்புக் கட்டியின் மேல் ஒட்டப் பார்க்கிறாள்.

"என் பேரை அதுல போட்டா அது பேரில்லக்கா, அசிங்கம்." பேனாவை எடுத்துத் தயாரிப்பாளர் கட்டத்தில் இருந்த தன் பெயரை அடித்தாள். ஒரு தடவை போதாமல் மூன்று தடவை அடித்தாள்.

அத்தான் கோட்டைச் சரிசெய்துகொண்டார். "பேனாவை இங்க கொடு," என்றார். அடித்த பெயருக்கு மேலே தன் பெயரை எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார். அவருடைய கையெழுத்து அழகானது. முப்பத்தோரு வருடம் வேறு வேலையே இல்லாமல் வளர்ந்த கையெழுத்து.

எழுதுகிறவர் நோட்டைப் புரட்டினார். "தயாரிப்பாளர் மாறிட்டாருன்னா விதி பதினாலுங்க. புதுத் தயாரிப்பாளர் எங்க முன்னால ஒரு தட்டு சுட்டுக் காட்டணும்."

"நான் மேற்பார்வைங்க," என்றார் அத்தான்.

"இல்லைங்க. இப்பதான் 'என் கையால்'னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "சீக்கிரம் ஆகட்டும்."

கோட்டோடு மாவு தேய்க்கிற மனிதரை அந்த ஓவன் அதுவரை பார்த்ததில்லை. மீதிச் செங்கல் உருண்டையை அவர் எடுத்து மேசையில் போட்டார். காய்ந்த மாவு தூவாமல் கட்டையால் தேய்த்தார். மாவு கட்டையோடு வந்தது. கட்டையிலிருந்து பிய்த்தார். கையோடு வந்தது. கையை உதறினார். தலையாட்டுகிறவரின் சட்டையில் போய் ஒட்டியது. அவர் அதற்கும் ஆட்டினார். பெரியவள் தங்கையின் முழங்கையை இடித்தாள்.

"போய்க் கொஞ்சம் உதவி பண்ணேன்டி."

"இன்னிக்குத்தானே கை வசப்படுது. நான் எதுக்குக் கெடுக்கணும்?"

எப்படியோ பன்னிரண்டு வடிவங்கள் தட்டில் ஏறின. ஒன்றுகூட இன்னொன்றுக்குச் சொந்தம் என்று சொல்ல முடியாது. அப்போதுதான் அத்தானுக்கு ஒரு யோசனை வந்தது. குங்குமப்பூ கண்ணுக்குத் தெரிய வேண்டாமா? அலமாரியைத் திறந்து சின்னவளின் சின்ன டப்பாவை எடுத்தார். அதில் ஒரு மாதத்துக்கான இழைகள் இருந்தன. மூடியைக் கழற்றி, கோலப்பொடி எடுப்பதுபோல மொத்தத்தையும் கையில் கொட்டி, பிஸ்கட்டுகளின் தலையில் தூவினார். நுணுக்காமல், ஊறவைக்காமல், காய்ந்தபடியே.

சின்னவள் காலி டப்பாவைப் பிடுங்கிக்கொண்டாள். ரேடியோ அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த ஓவனின் திருகு பொய் சொல்லும். நூற்றெண்பது என்று வைத்தால் இருநூற்றிருபதுக்குப் போய் நிற்கும். சின்னவளின் கை அதை எப்போதோ பழகிவிட்டது. எங்கேயும் எழுதிவைக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அத்தான் நூற்றெண்பதில் வைத்தார். கழகத்தின் படிவத்தில் அந்த எண்தான் அச்சாகியிருந்தது. ஏழாவது நிமிடம் முடி கருகுகிற வாசனை வந்தது. ஒன்பதாவது நிமிடம் புகை வந்தது. பத்தாவது நிமிடம் அவர் துணி இல்லாமல் தட்டைத் தொட்டுவிட்டு, அதுவரை அலுவலகத்தில் யாரும் அவர் வாயிலிருந்து கேட்டிராத வார்த்தை ஒன்றைச் சொன்னார்.

தட்டு மேசைக்கு வந்தது. பிஸ்கட்டுகளின் அடி கருப்பு, மேல் கருஞ்சிவப்பு. குங்குமப்பூ இழைகள் செத்த எறும்புகளைப்போலச் சுருண்டு கிடந்தன.

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் தட்டைப் பார்த்தார். அப்புறம், ஒரு கணம்தான், இளமஞ்சள் தட்டைப் பார்த்தார். அந்த ஒரு கணம் சின்னவளின் மனது வேண்டாம் வேண்டாம் என்றிருந்தும் எட்டிப் பார்த்தது. இப்போதாவது சொல்வாரா?

தலைவர் கருகியதில் ஒன்றை எடுத்துக் கண்ணை மூடினார். கடித்தார். அது கடிபடும் சத்தம் கடைவரை கேட்டது.

"புகை," என்றார். "ஆதிகாலத்து நெருப்போட நினைவு. இந்த லேசான கசப்பு இருக்கே, இதை இப்ப யாரும் கொண்டுவர்றதில்லை."

"யாரும் கொண்டுவர்றதில்லை," என்று எழுதுகிறவர் எழுதினார்.

பொன் முத்திரை ஒட்டிய சான்றிதழை அத்தான் சுட்டுப்போன விரல்களால் வாங்கிக்கொண்டார். எழுதுகிறவர் போகிற போக்கில் ஒன்றைச் சொன்னார். முத்திரை தயாரிப்பாளரின் கைக்குத்தான். வேறு கை பட்டால் முத்திரை செல்லாது. கழகம் சொல்லாமல் வந்து பார்க்கும். அத்தான் சிரித்தபடியே தலையசைத்தார். முக்கியமான விஷயம் ஒன்று தன் காதுக்குள் போய்விட்டது என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை. கார் கிளம்பிப் போன பிறகுதான் உறைத்தது.

"நாளைக்கே நானூறு டப்பா கேப்பாங்க. அத்தனையும் என் கையாலயா?" என்றார் மனைவியிடம், விரலை ஊதிக்கொண்டு.

பெரியவள் பின்கட்டுக்கு வந்தாள். சின்னவள் ஏப்ரனைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"கோவத்தை விடு. அவர் குணம் உனக்குத் தெரியாதா? வழக்கம்போல நீ உன் பிஸ்கட்டையே செய். வேணும்னா உன் நிறத்துலயே செய். பேரு மட்டும் அவர் பேர்ல போகட்டும். யாராவது பாக்க வந்தா நீ கொஞ்ச நேரம் பின்பக்கம் போய் நின்னுக்கோ. அவ்ளோதானே?"

"அவ்ளோதானா?"

"வேற என்னடி?"

"அக்கா, ஒன்பது வருஷம் பேரில்லாம செஞ்சேன். அது என் மடத்தனம், போகட்டும். இன்னிக்கு என் பேரை என் கையாலயே அடிச்சேன். அதுவும் போகட்டும். இப்ப என்னையே அடிக்கச் சொல்றியே, அதை எப்படிக்கா இவ்ளோ சாதாரணமா கேட்க முடியுது உன்னால?"

"குடும்பம்னா விட்டுக்கொடுக்கறதுதான்..."

"விட்டுக்கொடுக்கறதுக்கு எங்கிட்ட என்ன மிச்சம் இருக்கு? என்ன வேணும் உனக்கு? அளவா? எழுதிக்கோ." பெரியவள் நிஜமாகவே பில் புத்தகத்தைத் தேடினாள். அதைப் பார்த்ததும் சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பில்லை. அரை கிலோ மாவுக்கு எத்தனை இழை, எவ்வளவு பால், எவ்வளவு வெண்ணெய், ஓவனின் திருகை எங்கே நிறுத்துவது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். மறைக்க அவளிடம் ஒன்றும் இல்லை. மூன்று மணி நேரம் ஊற வேண்டும் என்றபோது கடையிலிருந்து அத்தானின் குரல் வந்தது.

"மூணு மணி நேரமா? அதுக்கு எசன்ஸே தேவல!"

பெரியவளின் பேனா அப்படியே நின்றது. சின்னவள் சோதனைத் தட்டில் மீந்திருந்த இளமஞ்சள் பிஸ்கட்டுகளை ஒரு காகிதப் பையில் போட்டுக்கொண்டு, அத்தானைத் தாண்டி, முன்வாசல் வழியாகவே வெளியே போனாள்.

"நாளைக்கு விடியக்காலை நாலு மணிக்கு வந்துடுவல்ல?" என்று அக்கா பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"அத்தான் வருவாரு," என்றாள் அவள், திரும்பாமல். "அவர் கைதானே தயாரிப்பாளர்?"

பஸ் நிறுத்தத்தில் நல்ல வெயில். ரேடியோ மூச்சிரைக்க ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வேலையை விட்டாளா, சாப்பாட்டு நேரத்துக்கு வந்தாளா என்று சின்னவள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

சின்னவள் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தாள். முதலில் வெண்ணெய் உடைந்தது. அப்புறம் மெதுவாக, நாக்கின் பின்பக்கத்திலிருந்து, அந்த வாசனை எழுந்து வந்தது. எங்கும் கூடவும் இல்லை, எங்கும் குறையவும் இல்லை. இரண்டு வருடத்தில் இவ்வளவு சரியாக வந்ததே இல்லை.

அதுதான் அவள் கோபத்தை இன்னும் கிளப்பியது.